காபி மண்டி சொன்ன நாள்

"தும்யாத் நகரத்து மேசை நாற்காலிப் பெருமக்களே, கட்டில் அலமாரிச் செல்வர்களே, கேளுங்கள். மனிதன் கணினியைக் கண்டுபிடித்த நாள்முதல் காத்துக்கிடந்த தருணம் கைகூடிவிட்டது. உங்கள் கணினியை எந்த வைரஸ் தாக்கும், என்ன மனக்குறையால் தாக்கும், எந்த நாளில் தாக்கும் என்று முன்கூட்டியே கண்டு சொல்லும் மேதை, கண்ணேற்று அறிவியலில் முனைவர், மூன்று கண்டங்கள் போற்றும் டாக்டர் ரஷ்வான் அவர்கள் இந்த ரமளான் மாதம் முழுவதும் நமது வணிகர் மன்றத்தில் எழுந்தருளியிருப்பார். கணினியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். திரை வேண்டாம். பெட்டி போதும்."

இதை ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போன வண்டி, மற்ற நாட்களில் வெங்காயம் விற்கிற வண்டி. வெங்காயம் விற்றபோது அது பொய் சொன்னதில்லை.

மூன்று கண்டங்கள் என்ன கணக்கு என்றால், டாக்டர் பிறந்தது ஆப்பிரிக்காவில். இரண்டு கண்டங்களைப் பிரிக்கிற கால்வாயைத் தாண்டி ஆசியாவில் ஒருமுறை மீன் சாப்பிட்டிருக்கிறார். ஐரோப்பாவில் அவருடைய மைத்துனர் ஓட்டலில் தட்டுக் கழுவுகிறார்.

வண்டி ஒரு கட்டில் காட்சிக்கூடத்தைக் கடந்தபோது, அங்கே வேலை பார்க்கிற இனாயத் சிரித்துவிட்டாள். அவள் செய்த முதல் தவறு அதுதான். முதலாளி ஹாஜி ஸக்லூல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன இன்ஜினியரம்மா, சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல ஹாஜி. வெங்காய வண்டி பெரிய படிப்பெல்லாம் பேசுதேன்னு பார்த்தேன்."

ஹாஜி சிரிக்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் குளிர்காலத்தில் தும்யாத்தின் கட்டில் கடைத் தெருவில் ஒரு புது நோய் புகுந்திருந்தது. எங்கிருந்தோ ஒரு வைரஸ் வரும். கணினியில் இருக்கிற அத்தனை கோப்புகளையும் பூட்டும். 'திறக்க வேண்டுமானால் பணம்' என்று திரையில் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கும். ஏற்கெனவே சில கடைகள் மாட்டிக்கொண்டன. ஹாஜியின் தொழில் மணப்பெண்களுக்கான படுக்கையறைத் தொகுதி: கட்டில், அலமாரி, அலங்கார மேசை. பெருநாள் முடிந்ததும் கல்யாணங்கள் வரிசை கட்டி நிற்கும். எந்தப் பெண்ணுக்கு எந்த அளவு, எந்த மரம், எந்த வளைவு என்பதெல்லாம் ஒரே ஒரு பெட்டிக்குள். அது பூட்டிக்கொண்டால் பாதி மாவட்டத்து மாப்பிள்ளைகள் பாயில் படுக்க வேண்டியதுதான்.

அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்வதுதான் இனாயத்தின் வேலை. அவள் இரண்டு வேண்டுகோள் வைத்திருந்தாள். ஒன்று, கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஏனென்றால் கடவுச்சொல் ஹாஜியின் மூத்த பேரன் ஸியாத்தின் பெயர். யாருக்காவது மறந்துபோனால் ஹாஜி காட்சிக்கூடத்தின் மறுகோடியிலிருந்து, வாங்க வந்தவர்கள் காதுகுளிர, அதைக் கூவிச் சொல்வார். இரண்டு, நகல் எடுத்து வைக்கத் தனியாக ஒரு வட்டு வாங்குங்கள். கடவுச்சொல் விஷயத்தில் ஹாஜி அசையவில்லை. அருமைப் பேரன் அல்லவா. வட்டை மட்டும் அவள் நச்சரிப்பு தாங்காமல் வாங்கிப் போட்டார். தினமும் மாலையில், நோன்பு திறக்க எல்லோரும் ஓடுவதற்கு முன்னால், இனாயத் எல்லாவற்றையும் அதில் நகலெடுப்பாள். அதன் கம்பியைப் பிடுங்குவாள். வட்டைக் காட்சிக்கூடத்தில் யாருமே வாங்காத ரோஸ் நிற அலங்கார மேசையின் இழுப்பறையில் வைத்துச் சாத்துவாள். இதை ஹாஜி 'புள்ளைங்க விளையாட்டு' என்பார்.

விளையாட்டை விட்டுவிட்டு அவர் விஞ்ஞானத்திடம் போனார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். கம்பி கழற்றவும் மாட்டவும் ஆள் வேண்டும் என்று இனாயத்தையும் கூட்டிப்போனார்.

வணிகர் மன்றத்தில் கூட்டம் நெரிந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருத்துவமனைக்கு வருகிறவர்களைப் போல, பெட்டிகளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பல் நிறக் கோட்டு, அதன்மேல் வெள்ளை அங்கி, காதில் எதனோடும் இணைக்கப்படாத ஒலிவாங்கி, இப்படி மேடையில் டாக்டர். சுற்றிலும் சாம்பிராணி. எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாத அளவுக்குச் சாம்பிராணி.

முறை எளிமையானது. நோன்பு திறந்த பிறகு, வந்தவர் ஒரு குவளை காபி குடிக்க வேண்டும். அடியில் தங்கிய மண்டியோடு குவளையைப் பெட்டியின் மேல் கவிழ்க்க வேண்டும். டாக்டர் பெட்டியில் காது வைத்து அதன் மூச்சைக் கேட்பார். பிறகு குவளையைத் திருப்பி மண்டியைப் படிப்பார். ஊரில் பெண்கள் அடுக்களையில் கல்யாண ஜாதகம் பார்க்கிற அதே காபி மண்டிதான். ஆனால் அடுக்களையில் ஒலிவாங்கி கிடையாது.

"வைரஸ் என்பது என்ன?" என்று அவர் கூட்டத்தைக் கேட்டார். "பொறாமை. கம்பி இல்லாமல் போனால் அதன் பெயர் கண்ணேறு. கம்பி வழியாகப் போனால் அதன் பெயர் வைரஸ்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. பள்ளியில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித்தரவில்லையே என்ற ஏக்கம் அதில் இருந்தது.

ஹாஜியின் முறை வந்தது. டாக்டர் பெட்டியில் காது வைத்தார். கண்ணை மூடினார். "மூச்சு திணறுது. உள்ளே காற்றாடி அழுதுகிட்டே சுத்துது," என்றார்.

இனாயத் தன் இரண்டாவது தவறைச் செய்தாள். "டாக்டர், பெட்டிக்கு மின்சாரமே குடுக்கலையே. கம்பி என் கையில இருக்கு. காற்றாடி எப்படிச் சுத்தும்?"

டாக்டர் கண்ணைத் திறந்தார். அவளை ஒரு பார்வை பார்த்தார். குவளையைத் திருப்பினார். மண்டியில் உடனே தெரிந்தது: ஒரு பெண்ணின் கை. தினமும் இந்தப் பெட்டியைத் தொடுகிற கை. அவளுக்கு வெளிர் கண். பெட்டிக்கு வரப்போகும் ஆபத்து முழுவதும் அந்தக் கண்ணிலிருந்துதான். கடலோர ஊரான தும்யாத்தில் பாதிப் பேருக்கு வெளிர் கண். ஆனால் மேடையில் இருந்தது ஒருத்திக்குத்தான்.

பிறகு டாக்டர் ஹாஜியின் காதில் நாளைச் சொன்னார். நாள் எப்போதும் காதில்தான். யாரிடமும் சொல்லக்கூடாது, மனைவியிடம்கூட. சொன்னால் கண்ணேறு இரண்டு மடங்காகத் திரும்பும்.

இந்த நிபந்தனைக்கு உலகத்திலேயே பொருத்தமான ஊர் தும்யாத். எங்கள் வியாபாரி எந்த நல்ல சேதியையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். மூன்று லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருக்கும். வியாபாரம் எப்படி என்று கேளுங்கள், "என்னத்தைச் சொல்ல, படுத்துக்கிடக்கு," என்று அந்த லாரிக்கு முன்னால் நின்றே சொல்வான். கண் பட்டுவிடுமாம். இப்படிப்பட்டவர்களிடம் ஒரு ரகசியத்தை வைத்தால் இரும்புப் பெட்டியே தேவையில்லை.

டாக்டருடைய பெருமை எப்படி வளர்ந்தது என்பதை இனாயத் அந்த வாரம் முழுக்கக் கவனித்தாள். சொன்ன நாளில் வைரஸ் வந்தவன் தெருவில் நின்று "டாக்டர் சொன்னார், அப்படியே நடந்தது," என்று கத்தினான். வேறு நாளில் வந்தவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், நீ யாரிடமோ நாளைச் சொல்லிவிட்டாய் என்று அவன்மேலேயே பழி. வைரஸ் வராதவனோ, கண்ணேறு படாமலிருக்க டாக்டர் விற்ற நீலமணியைப் பெட்டியில் ஒட்டியிருந்ததால் தப்பித்தேன் என்றான். வந்தாலும் டாக்டர், வராவிட்டாலும் டாக்டர்.

ஹாஜி அவளை உடனே வெளியே அனுப்பவில்லை. அவர் நியாயமான மனிதர். கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"இதோ பாரும்மா. டாக்டர் சொன்ன நாள்ல ஒண்ணும் நடக்கலைன்னா, நீ என் மக மாதிரி இரு. நடந்துச்சுன்னா, நீ போயிடணும். மனசுல வச்சுக்காத."

"எந்த நாள் ஹாஜி?"

"சொல்லக்கூடாது."

இனாயத்துக்கு வேலை போவது மட்டும் பயமில்லை. வேலை வேறு ஊரிலாவது கிடைக்கும். 'கண்ணு வைக்கிறவ' என்ற பெயர் விழுந்துவிட்டால் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலிருந்தும் அவளுக்கு அழைப்பு வராது. பிள்ளை பெற்ற வீட்டில் அவள் காலடி பட்டால் குழந்தையை மூடுவார்கள். அந்தப் பெயரை எந்தச் சோப்பும் கழுவாது. ஏற்கெனவே அவள் வந்ததும் காட்சிக்கூடத்தில் ஒருவர் கண்ணாடிப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தார்.

"ஹாஜி, ஒண்ணு கேக்கட்டுமா? ரமளான்ல ஷைத்தான்களையெல்லாம் சங்கிலில கட்டிப்போட்டிருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ஆமா. அதுல என்ன சந்தேகம்?"

"இந்த மாசம்தான் நம்ம தெருவுல இத்தனை பேருக்கு வந்திருக்கு. கட்டிப்போட்டது எப்படி வந்து கணினியைப் பூட்டும்? அப்ப இது மனுசன் வேலை இல்லையா?"

ஹாஜி தாடியைத் தடவினார். "பொறாமை மனுசனுக்கும் உண்டும்மா," என்றார்.

"திருடனுக்கு உங்க மேல எதுக்குப் பொறாமை? அவன் உங்களைப் பார்த்ததுகூட இல்ல. அவனுக்கு வேண்டியது காசு. யாருக்கு அவசரமோ அவன்தான் பேரம் பேசாமக் குடுப்பான். பெருநாளுக்கு முன்னாடி கட்டில் கடைக்காரனை விட அவசரக்காரன் யாரு?"

"அவன் எப்ப வருவான்?"

"யாரும் பெட்டியைப் பார்க்காத நேரத்துல. நம்ம ஊருல அது எந்த நேரம்னு உங்களுக்கே தெரியும். நோன்பு திறக்கிற பாங்கு சொன்னதும் தெருவுல பூனைகூட இருக்காது."

ஹாஜி யோசித்தார். யோசித்துவிட்டு, "டாக்டர் இதையெல்லாம் சொல்லலையே," என்றார்.

இனாயத் மதாம் நர்கிஸிடம் போனாள். நர்கிஸ் விதவை, ஸோபாத் துணிக் கடைக்காரி, தெருமுனையில் பேசினால் துறைமுகத்தில் கேட்கும் குரல். அவளும் டாக்டரிடம் போயிருந்தாள். நாள் குறித்து வாங்கியிருந்தாள். நாள் ஒன்றும் நடக்காமல் கடந்துபோயிருந்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. காரணம்தான் அவளைச் சுட்டிருந்தது.

"என் புருஷன் பொறாமைல வைரஸ் அனுப்பறானாம்டி. செத்து இத்தனை வருசம் ஆச்சு. உயிரோட இருந்தப்ப அந்த மனுசனுக்கு டிவி போடத் தெரியாது. கபுருக்குள்ள போய்க் கத்துக்கிட்டானா?"

இரண்டு பெண்களும் வெகுநேரம் சிரித்தார்கள். பிறகு அடுப்படிக்குப் போனார்கள்.

ஆண்டுதோறும் ரமளானில் ஒருநாள் கட்டில் கடைக்காரர்கள் எல்லோரும் மன்றத்தில் ஒன்றாக நோன்பு திறப்பது வழக்கம். இந்த ஆண்டு டாக்டர் தலைமை விருந்தினர். பாங்கு சொன்னது. பேரீச்சம்பழமும் சூப்பும் பறந்தன. ரொட்டியை ஒருவர் பிய்த்தார், இன்னொருவர் முழுங்கினார். அந்த நேரத்தில் பூகம்பம் வந்திருந்தால், முதலில் சாதத்தை நகர்த்தி வைத்திருப்பார்கள்.

சூப்பு முடிவதற்குள் ஹாஜியின் தொலைபேசி அடித்தது. காட்சிக்கூடத்துக் காவலாளி. திரை சிவப்பாகிவிட்டதாம். என்னவோ எழுதியிருக்கிறதாம். எதுவும் திறக்கவில்லையாம்.

ஹாஜி எழுந்தார். "இன்னைக்குத்தான் சொன்னார்," என்றார். "டாக்டர் என் காதுல சொன்ன நாள் இன்னைக்குத்தான்."

மன்றமே எழுந்து நின்றது. சிலர் டாக்டரின் கையை முத்தமிட்டார்கள். பிறகு ஒவ்வொரு தலையாகப் பெண்கள் மேசைப் பக்கம் திரும்பியது. வெளிர் கண் எங்கே என்று தேடியது. பக்கத்தில் இருந்தவள் தன் பிள்ளையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் எதிர்பார்த்த நேரம் சரி. ஆனால் அது டாக்டர் சொன்ன நாளிலேயே வந்து விழும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"நான் சொன்னேன்," என்றார் டாக்டர், அடக்கத்தோடு. "நான் சொல்வது ஒருபோதும் தப்பியதில்லை. சந்தேகம் உள்ளவர்கள் எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் கொண்டு வரலாம். இப்போதே."

"இருக்கு டாக்டர்," என்று ஒரு குரல் துறைமுகம் வரை கேட்டது. "என் கிடங்குல இருந்த இன்னொரு பெட்டி. கொஞ்ச நாளா சரியில்ல."

நர்கிஸ் பூப்போட்ட ஸோபாத் துணி உறை போட்ட ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினாள். காபி வந்தது. குடித்தாள். கவிழ்த்தாள். டாக்டர் பெட்டியின் மேல் கை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

"என்ன சூடு! உள்ளே நெடுநாள் பொறாமை வெந்துகொண்டிருக்கிறது." குவளையைத் திருப்பினார். "பறவை தெரியுது. சிறகு இருக்கு. கடல் தாண்டி வர்ற பகை." பிறகு அவள் காதுப்பக்கம் குனிந்தார்.

பறவை விஷயத்தில் டாக்டர் சொன்னது சரிதான் என்று ஊரில் சிலர் இன்றுவரை வாதாடுகிறார்கள்.

"வெள்ளிக்கிழமையா?" என்றாள் நர்கிஸ் உரக்க.

மன்றம் மூச்சை இழுத்தது. இன்னும் வராத நாளை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது டாக்டர். கெட்டுப்போயிடும்."

உறையை உருவினாள். பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே கணினி இல்லை. அடியில் ஒரு சட்டி. சட்டியில், வயிறு நிறைய வெங்காயம் அடைத்து, பொன்னிறமாகச் சுட்ட ஒரு தும்யாத் வாத்து. ஆவி மேலே எழுந்தது. இவ்வளவு நேரம் அந்த வாசனை யார் மூக்குக்கும் எட்டாமல் காப்பாற்றியது டாக்டரின் சொந்தச் சாம்பிராணி.

முன்வரிசை எழுந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்: "டாக்டர், அதுக்கும் நீலமணி ஒட்டணுமா?"

மன்றம் சிரிப்பில் உடைந்தது. டாக்டர் கையைத் தூக்கினார். கண்ணேறு உயிருள்ளது இல்லாதது எதையும் விடாது, வாத்துக்கும் அது உண்டு என்று விளக்கத் தொடங்கினார். ஆனால் ஹாஜி சிரிக்கவில்லை. அவருடைய திரை இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"வாத்து சரி," என்றார். "எனக்குச் சொன்ன நாள் பலிச்சிருக்கே. அதுக்கு என்ன சொல்ற இன்ஜினியரம்மா?"

இனாயத் எழுந்தாள். "ஹாஜி, உங்க நாளை நீங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க. மத்தவங்களும் அவங்கவங்க நாளைச் சொல்லட்டும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

வியாபாரம் எப்படி என்று கேட்டால்கூட வாயைத் திறக்காத கூட்டம். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள்.

ஹாஜி அவர்களைப் பார்த்தார். "எனக்கு நடந்து முடிஞ்சாச்சு. இனிமே எனக்குக் கண்ணு பட என்ன இருக்கு? நீங்க சொல்லுங்கப்பா. ஒரு மனுசியோட பேரு இதுல தொங்குது."

ஒரு நாற்காலி வியாபாரி முனகினார். "எனக்கு நேத்து. ஒண்ணும் நடக்கல."

"எனக்கு நாளைக்கு."

"எனக்குப் பிறை பார்க்கிற அன்னைக்கு."

"எனக்குப் பெருநாள் அன்னைக்கு, தொழுகை முடிஞ்சதும்."

"எனக்குப் போன செவ்வாய்க்கிழமை. வந்தது வியாழக்கிழமை. வெட்கமா இருந்துச்சு, சொல்லல."

ஒருவர் தயங்கித் தயங்கி, தான் இரண்டு முறை வந்ததாகவும் இரண்டு முறையும் வேறு வேறு நாள் சொன்னதாகவும் ஒத்துக்கொண்டார். கதவு திறந்துவிட்டதால் எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். மாதத்தில் எந்த நாளும் மிச்சமில்லை. டாக்டர் தப்பாகப் போவதற்கு நாள்காட்டியில் இடமே இல்லாமல் செய்திருந்தார்.

"நோன்பு மாதிரியே இருக்கே," என்றாள் நர்கிஸ். "ஒரு நாள் விடாம வச்சிருக்கார்."

டாக்டர் தொழுகைக்கு நேரமாகிறது, கைகால் கழுவி வருகிறேன் என்று பின்பக்கமாகப் போனார். அங்கே குழாய் இருந்தது. அதன் பக்கத்தில் தெருவுக்குப் போகிற கதவும் இருந்தது. அவர் குழாயைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒலிவாங்கி மேடையிலேயே கிடந்தது. வாத்தை மன்றம் பங்குபோட்டுச் சாப்பிட்டது.

ஹாஜியும் இனாயத்தும் காட்சிக்கூடத்துக்குப் போனார்கள். இனாயத் சிவப்புத் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, நேராக ரோஸ் நிற அலங்கார மேசைக்குப் போனாள். இழுப்பறையைத் திறந்தாள். வட்டு அங்கே இருந்தது. பெட்டியைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியபோது அத்தனை மணப்பெண்களும், அளவும், மரமும், வளைவும், அப்படியே திரும்பி வந்தார்கள். திருடன் கேட்ட பணத்துக்குப் பதில் போகவில்லை. பாதி மாவட்டத்து மாப்பிள்ளைகள் கட்டிலில் படுத்தார்கள்.

ஹாஜி இழுப்பறையைத் திறந்து மூடினார். திறந்து மூடினார். "இந்த மேசையை இனிமே விக்க மாட்டேன்," என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் தெருவில் எல்லோர் முன்னாலும் தன் கடைசிப் பேத்தியைத் தூக்கி இனாயத்தின் கையில் கொடுத்தார். அந்த ஊரில் அதற்குமேல் ஒரு சான்றிதழ் கிடையாது.

மறுநாள் நோன்பு திறந்ததும் அவள் வீட்டு வாசலில் வரிசை. கம்பளியில் சுற்றிய பெட்டிகள். "இன்ஜினியரம்மா, எங்களுக்கு எந்த நாள்னு சொல்லுங்க."

"எல்லா நாளும்தான்," என்றாள் இனாயத். "திருடனுக்கு உங்க மேல பொறாமையும் இல்ல, காதலும் இல்ல. நீங்க எழுந்து போற நேரம்தான் அவனுக்கு நல்ல நேரம். போறதுக்கு முன்னாடி தனி வட்டுல நகல் எடுங்க, அந்த வட்டோட கம்பியைப் பிடுங்குங்க, கடவுச்சொல்லை மாத்துங்க."

அவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. காபி இல்லை, சாம்பிராணி இல்லை, காதில் ரகசியம் இல்லை. இவளுக்குப் படிப்பு இருக்கிறது, ஞானம் போதாது என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். குவளையின் அடியில் கிடப்பதை அத்தனை அக்கறையாகக் கிளறிப் பார்க்கிறவர்கள், கழுத்துக்கு மேலே கிடப்பதையும் ஒருநாள் கிளறிப் பார்க்கலாம். அதற்கு டாக்டர் தேவையில்லை.

ஹாஜி மட்டும் அவள் சொன்னதைக் கேட்டார். அந்த வாரமே கடவுச்சொல்லை மாற்றினார். மாற்றிய மகிழ்ச்சியில், வாங்க வந்தவர்கள் கூட்டத்துக்கு மேலாக, காட்சிக்கூடத்தின் மறுகோடிக்குக் கூவினார்: "இன்ஜினியரம்மா, மாத்தியாச்சு. இப்ப ரெண்டாவது பேரன் பேரு."

இரண்டாவது பேரனின் பெயர் கடையின் பெயர்ப்பலகையில் இருக்கிறது.